புதிய பிஸ்டல் மேகசினை முழுக் கொள்ளளவுக்கு நிரப்புவது எப்படி: முழுமையான வழிகாட்டி

புது மேகசினின் (பிஸ்டலின் பிடிக்குள் செருகும் தோட்டாக் கூடு) உறையில் 17 என்று எழுதியிருக்கும். 10 வரை தோட்டாக்கள் பெரிய சிரமமில்லாமல் போகும். 13-இல் கட்டைவிரல் சிவக்கும். 15-க்கு மேல் எதுவும் நகராது. சுடும் பயிற்சி இடமான ரேஞ்சுக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில் மேகசின் பழுது என்றோ, தங்கள் கையில் வலு இல்லை என்றோ முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் இரண்டுமே தவறு. வேலையைச் செய்த வரிசை சரியில்லை, அவ்வளவுதான்.

இது அமெரிக்காவில் சட்டப்படி பிஸ்டல் வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. உதாரணமாக 9 மி.மீ. இரட்டை வரிசை மேகசினை, குறிப்பாகக் கிளாக் 17 என்ற பிஸ்டலின் 17 தோட்டா மேகசினை எடுத்துக்கொள்கிறேன். மற்ற வகைகளில் முறை மாறும் இடங்களைத் தனியாகச் சொல்கிறேன்.

ஒன்றை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தோட்டா உள்ளே நுழைந்துவிட்டால் மேகசின் தயார் என்று நினைக்கிறோம். துப்பாக்கிக்கு அது போதாது. கடைசித் தோட்டா நுழைந்த பிறகும் அதை விரலால் இன்னும் சற்றுக் கீழே அமுக்க முடிய வேண்டும். கீழே சொல்லும் படிகள் எல்லாம் அந்தச் சிறு இடைவெளியைப் பெறுவதற்காகத்தான்.

1. முதலில் சட்டம்

மேகசின் கொள்ளளவுக்கு வரம்பு வைத்த மாநிலங்கள் உண்டு. கலிஃபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி ஆகியவற்றில் வரம்பு 10. கொலராடோவில் 15. இல்லினாயில் கைத்துப்பாக்கிக்கு 15. டெலவேரில் 17. இவற்றின்மீது வழக்குகள் தொடர்ந்து நடப்பதால், மேகசின் வாங்குவதற்கு முன்பும் வேறு மாநிலத்துக்கு எடுத்துச் செல்வதற்கு முன்பும் அப்போதைய நிலையைப் பாருங்கள். ஒரு மாநிலத்தில் சாதாரணப் பொருளாக இருப்பது எல்லையைத் தாண்டியதும் குற்றமாகலாம்.

நம்மவர்கள் பலர் அறியாத இன்னொன்று: எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியும் தோட்டாவும் வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இருக்கின்றன. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது. விசாவில் இருப்பவர் நண்பரின் மேகசினை நிரப்பிக் கொடுப்பதற்காகத் தோட்டாவைக் கையில் எடுப்பதற்கு முன்பே வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. இதை விளையாட்டாக எடுத்துக்கொள்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிடிபட்டால் விசாவும் போகும்.

2. மேசையில் இருக்க வேண்டியவை

மேகசினை நிரப்பும் வேலைக்குத் துப்பாக்கி தேவையில்லை. ஆகவே அது மேசையிலும் இருக்க வேண்டாம். காலியாக்கி, சேம்பரை (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கண்ணாலும் விரலாலும் சோதித்து, பெட்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். மேகசினோடு மல்லுக்கட்டும்போது கவனம் முழுவதும் விரலில்தான் இருக்கும். அப்போது பக்கத்தில் துப்பாக்கி கிடப்பதில் ஒரு நன்மையும் இல்லை.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள். தோட்டா வெடித்துவிடும் என்ற பயத்தால் சொல்லவில்லை. மேகசினைப் பிரிக்கும்போது ஸ்பிரிங் சீறிக்கொண்டு வெளியே வரும். அது நேராக முகத்துக்குத்தான் வரும்.

மேகசினின் அடியில் வைக்கத் தடித்த துணி அல்லது ரப்பர் விரிப்பு ஒன்று. நார் உதிராத துணி ஒன்று. பென்சில் அல்லது மெல்லிய மரக்குச்சி ஒன்று. அழியாத மார்க்கர் ஒன்று. தோட்டா ஏற்ற உதவும் லோடர் என்ற கருவி இருந்தால் அதுவும். கிளாக் பிஸ்டலின் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு பிளாஸ்டிக் லோடர் வரும். அது என்னவென்று தெரியாமல் பெட்டியோடு அலமாரியில் போட்டுவிடுகிறவர்கள் ஏராளம். தேடி எடுங்கள்.

மேசையில் ஒரே அளவுத் தோட்டா மட்டும் இருக்கட்டும். .40 அளவு மேகசினுக்குள் 9 மி.மீ. தோட்டாக்கள் எதிர்ப்பே காட்டாமல் போய் உட்கார்ந்துவிடும். கலந்தது துப்பாக்கியில்தான் தெரியவரும். தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் அளவையும் துப்பாக்கிக் குழலில் பொறித்திருக்கும் அளவையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதல் சில முறை பழகுவதற்கு, வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் பிரைமரும் இல்லாத போலித் தோட்டாக்களை வாங்கிக்கொள்ளச் சொல்வேன். உண்மைத் தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும். போலித் தோட்டாவில் உலோகத்தால் ஆனதை வாங்குங்கள். பிளாஸ்டிக் வகையின் அடிவிளிம்பு இறுக்கமான மேகசினில் சீக்கிரமே சில்லுச் சில்லாக உடைந்துவிடும்.

3. இறுக்கம் எங்கிருந்து வருகிறது

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதித் தவறுகள் நடக்காது.

மேகசினில் நான்கு முக்கியப் பகுதிகள் உண்டு: வெளிக்கூடு, ஸ்பிரிங், ஸ்பிரிங்கின் மேல் உட்கார்ந்து தோட்டாக்களைத் தாங்கும் ஃபாலோவர், அடித்தட்டு. கூட்டின் மேல்வாயில் உள்நோக்கி வளைந்த இரண்டு விளிம்புகள் இருக்கின்றன. தோட்டாவை வெளியே குதிக்காமல் பிடித்திருப்பவை அவை. இனி அவற்றை உதடுகள் என்றே சொல்கிறேன்.

ஸ்பிரிங்கை அமுக்க அமுக்க அதன் எதிர்விசை கூடிக்கொண்டே போகும். எனவே கடைசித் தோட்டா முதல் தோட்டாவைவிடப் பல மடங்கு முரண்டு பிடிப்பது இயற்கை. இது பாதிக் காரணம்தான்.

மீதிக் காரணம் உராய்வு. இரட்டை வரிசை மேகசினில் தோட்டாக்கள் இடமும் வலமுமாக மாறி மாறி அடுக்கப்படுகின்றன. பெரும்பாலான பிஸ்டல்களில் அந்த இரண்டு வரிசைகளும் மேலே வரும்போது ஒன்றாகச் சேர்கின்றன. மேலே இருக்கும் தோட்டாவை அமுக்கினால், அது தனக்குக் கீழே உள்ள தோட்டாக்களைப் பக்கவாட்டில் விலக்கிக்கொண்டு ஆப்பு இறங்குவதுபோல் இறங்க வேண்டும். புதுக் கூட்டின் உட்சுவரிலும் ஃபாலோவரின் ஓரங்களிலும் வார்ப்பின் சொரசொரப்பு இன்னும் தேயாமல் இருக்கும். ஸ்பிரிங்கும் புதிது. முதல் சில அமுக்கத்துக்குப் பிறகுதான் அது தன் நிலையான நீளத்துக்கு வந்து சேரும்.

ஆகவே நாம் சமாளிக்க வேண்டியவை இரண்டு: ஸ்பிரிங்கின் விசை, உராய்வு. முதலாவது ஓரளவுக்கு மேல் குறையாது, குறையவும் கூடாது. ஸ்லைடு (சுட்டதும் பின்னே போய் முன்னே வரும் பிஸ்டலின் மேல்பகுதி) திரும்பி வரும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் அடுத்த தோட்டாவை மேலே தூக்கிக் கொடுப்பது அந்த விசைதான். இரண்டாவது பழகப் பழகக் குறையும்.

சிறிய பிஸ்டல்களில் இறுக்கம் இன்னும் அதிகம். ஸிக் பி365 போன்றவை கைக்குள் அடங்கும் கூட்டுக்குள் 10 தோட்டாக்களை அடைக்கின்றன. ஸ்பிரிங் சுருங்குவதற்கு அங்கே மிகக் குறைந்த இடமே மிஞ்சுகிறது. பெரிய பிஸ்டல் வாங்கியவரைவிடச் சிறிய பிஸ்டல் வாங்கியவர்தான் அதிகம் புலம்புவார்.

4. காலி மேகசினைத் தயார்செய்தல்

இந்தப் படியை ஏறக்குறைய எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நேராகத் தோட்டாவை எடுத்துவிடுகிறார்கள்.

முதலில் ஒவ்வொரு மேகசினின் அடித்தட்டிலும் 1, 2, 3 என்று மார்க்கரால் எண் போடுங்கள். பின்னால் ஏதாவது ஒன்று தகராறு செய்தால், துப்பாக்கியையும் தோட்டாவையும் சந்தேகிக்காமல் நேராக அந்த மேகசினையே பிடித்துவிடலாம்.

அடுத்து, துணியால் உதடுகளையும் ஃபாலோவரின் மேல்பகுதியையும் துடைத்துவிடுங்கள். தொழிற்சாலையில் துருப் பிடிக்காமல் இருக்கத் தடவிய எண்ணெய் சில மேகசின்களில் மிச்சம் இருக்கும். இறுக்கமாக இருக்கிறதே என்று உள்ளே எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் தூசியையும் வெடிமருந்துக் கரியையும் பிடித்துவைத்துப் பசையாக்கும். பிரைமருக்குள் கசிந்தால் தோட்டாவையும் கெடுக்கலாம். மேகசினின் உட்புறம் உலர்ந்தே இருக்க வேண்டும்.

இப்போது பென்சிலின் மழுங்கிய முனையால் ஃபாலோவரை அடிவரை அமுக்கி, மெதுவாக மேலே விடுங்கள். இருபது முப்பது முறை செய்யுங்கள். ஸ்பிரிங் தன் நிலைக்கு வரத் தொடங்கும், சொரசொரப்பும் கொஞ்சம் தேயும். அதைவிட முக்கியமாக, வழியில் எங்கேயாவது ஃபாலோவர் சிக்குகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா என்பது கையில் தெரியும். ஸ்குரூடிரைவரை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். நழுவினால் உதடு கீறும், உள்ளங்கையும் கிழியும்.

ஃபாலோவர் சிக்கினால் மட்டும் மேகசினைப் பிரியுங்கள். கிளாக்கில் அடித்தட்டின் துளை வழியே உள்தட்டை அமுக்கியபடி, கூட்டின் பக்கங்களை அடிப்பகுதியில் நெருக்கிப் பிடித்து அடித்தட்டை முன்னோக்கி நகர்த்த வேண்டும். அது நகரும்போது கட்டைவிரல் ஸ்பிரிங்கை மூடியிருக்கட்டும். வெளியே எடுப்பதற்கு முன் ஸ்பிரிங்கின் எந்த முனை மேலே இருக்கிறது, எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கைத் தலைகீழாகவோ முன்பின் மாற்றியோ போட்டால் மேகசின் பாதி நிரம்பியதும் முட்டிக்கொண்டு நிற்கும். புது மேகசின் 10-க்கு மேல் போகவில்லை என்று கொண்டுவரப்படும் சிலவற்றில், வீட்டில் பிரித்து மாற்றிப் பூட்டப்பட்ட ஸ்பிரிங்தான் காரணமாக இருந்திருக்கிறது.

5. கையால் ஏற்றும் முறை

லோடர் கையில் இருந்தாலும் முதலில் விரலால் ஏற்றக் கற்றுக்கொள்ளுங்கள். லோடரை மறந்துவிட்டு ரேஞ்சுக்கு வரும் நாள் ஒன்று வரத்தான் செய்யும்.

தொடங்குவதற்கு முன் சரியாக 17 தோட்டாக்களை எண்ணி மேசையில் வரிசையாக வையுங்கள். தோட்டாப் பெட்டியில் 50 இருக்கும். அதிலிருந்து நேரடியாக எடுத்து ஏற்றினால் எண்ணிக்கை தவறும். சில மேகசின்கள் அளவுக்கு மேல் ஒன்றை உள்ளே விட்டுவிடும், பிறகு அதுதான் தொல்லை. மேசை காலியானால் மேகசின் நிறைந்தது என்று கணக்கு எளிதாக இருக்கட்டும்.

மேகசினைத் துணி விரித்த மேசையில் செங்குத்தாக நிறுத்துங்கள். அந்தரத்தில் பிடித்துக்கொண்டு ஏற்றுவதுதான் முதல் பெரிய தவறு. அப்போது ஒரு கையின் வலு முழுவதும் மேகசினைத் தாங்குவதிலேயே போய்விடும். மேசையில் நிறுத்தி, நின்றபடி ஏற்றினால் தோளின் எடையே பாதி வேலையைச் செய்யும்.

வலக்கைப் பழக்கம் உள்ளவர் இடக்கையால் மேகசினின் முதுகுப் பக்கத்தைப் பிடிக்கலாம். முன்பக்கம் எது என்பதில் குழப்பம் வேண்டாம்: உதடுகள் பின்பக்கம் இருக்கும், முன்பக்கம் திறந்திருக்கும். தோட்டாவின் மூக்கு முன்பக்கம் பார்க்க வேண்டும். இதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதற்குக் காரணம், தோட்டாக்களைத் திருப்பிப் போட்டுவிட்டுத் துப்பாக்கியைக் குறை சொன்னவர்களும் உண்டு என்பதே.

முதல் தோட்டாவை ஃபாலோவரின் முன்பாதியில் வைத்து, கீழே அமுக்கி, பின்னே தள்ளுங்கள். அது உதடுகளுக்கு அடியில் போய் முதுகுச் சுவரைத் தொட வேண்டும்.

இரண்டாவது தோட்டாவிலிருந்து இயக்கம் இரண்டு தனித்தனிக் கட்டங்களாக நடக்க வேண்டும். முதலில், புதுத் தோட்டாவின் அடிவிளிம்பை ஏற்கெனவே இருக்கும் தோட்டாவின் முன்பாதியில் வைத்து நேராகக் கீழே அழுத்துங்கள். உங்கள் கையில் இருக்கும் தோட்டாவே இங்கே அழுத்தும் கருவி. விரல் நுனியைவிட அது நன்றாக வேலை செய்யும். பழைய தோட்டா இறங்கி, உதடுகளுக்குக் கீழே புதுத் தோட்டா நுழைய இடம் கிடைத்த பிறகுதான் இரண்டாம் கட்டம்: பின்னோக்கி நகர்த்துதல். பாதி தூரம் போனதும் இடக்கைக் கட்டைவிரலின் சதைப்பகுதியால் மேலிருந்து அழுத்திக்கொண்டே மீதியைத் தள்ளிவிடுங்கள்.

கீழே அழுத்துவதையும் பின்னே தள்ளுவதையும் ஒரே நேரத்தில் செய்வதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். அப்போது அடிவிளிம்பு உதட்டின் முன்முனையில் போய் முட்டும். முட்டியதும் இன்னும் பலமாகத் தள்ளுவார்கள். ஸ்பிரிங் மேல்நோக்கி அழுத்த, கை பின்னோக்கி அழுத்த, தோட்டா எங்கும் போகாது. முதலில் கீழே, பிறகு பின்னே. இந்த வரிசை பழகிவிட்டால் 12, 13 வரை விரலுக்கு வலியே தெரியாது.

ஐந்து தோட்டாவுக்கு ஒருமுறை மேகசினின் முதுகை உள்ளங்கையில் லேசாகத் தட்டுங்கள். முன்பக்கம் நழுவி நிற்கும் தோட்டாக்கள் பின்சுவரோடு சேரும். முதுகில் எண்ணிட்ட துளைகள் இருந்தால் பித்தளை இடைவெளியில்லாமல் தெரிகிறதா பாருங்கள். மேல் தோட்டாவின் மூக்கு கீழ்நோக்கிக் கவிழ்ந்திருந்தால் அடுக்கு குலைந்திருக்கிறது. கவிழ்ந்ததன் மேல் இன்னொன்றை ஏற்றாதீர்கள். இரண்டு மூன்றைக் கழற்றி மறுபடி ஏற்றுங்கள்.

சுத்தியலால் தட்டுவது, இடுக்கியால் பிடித்துத் தள்ளுவது இரண்டும் கூடவே கூடாது. தோட்டாவின் அடியில் நடுவில் இருப்பது பிரைமர். அடித்தால் வெடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அது.

6. லோடரைப் பயன்படுத்துதல்

சந்தையில் மூன்று விதம் பரவலாக இருக்கிறது.

பிஸ்டலோடு வரும் தொப்பி வகையை மேகசினின் தலையில் மாட்டி, அதன் நாக்கைக் கட்டைவிரலால் அமுக்கினால் மேல் தோட்டா கீழே இறங்கும். புதுத் தோட்டாவைப் பாதி நுழைத்து, லோடரைச் சற்றுத் தூக்கி, மீதியைத் தள்ள வேண்டும். தூக்காமலே தள்ளப் பார்ப்பது வழக்கமான தவறு; நாக்கு நகராதவரை தோட்டாவுக்கு வழியில்லை.

இரண்டாவது, கைப்பிடியை அழுத்தி விடும் வகை. இஸ்ரேலைச் சேர்ந்த மக்லூலா நிறுவனத்தின் அப்லூலா இதில் பெயர்பெற்றது. 9 மி.மீ. முதல் .45 வரையிலான பெரும்பாலான மேகசின்களுக்கு ஒரே கருவி போதும். .22 முதல் .380 வரை சிறிய அளவுகளுக்குத் தனியாகச் சிறியது இருக்கிறது. கையால் கற்றுக்கொள்ளச் சொன்ன நானே, 100 தோட்டாவுக்கு மேல் சுடும் நாளில் இதைத்தான் எடுத்துப்போகிறேன்.

அதன் வரிசை இது. கைப்பிடியை அழுத்துங்கள், பறவை அலகுபோல் நீண்ட அதன் முனை, அதாவது அலகு, முன்னே வரும். லோடரை மேகசினின் தலையில் வைத்துக் கீழே தள்ளுங்கள், அலகு மேல் தோட்டாவை இறக்கும். கிடைத்த இடத்தில் புதுத் தோட்டாவைப் போடுங்கள். பிடியைத் தளர்த்துங்கள், அலகு பின்வாங்கும், தோட்டா உதட்டுக்கடியில் நிற்கும். லோடரைத் தூக்குங்கள்.

இங்கே திணறுகிறவர்கள் பெரும்பாலும் பிடியைத் தளர்த்துவதற்கு முன்பே லோடரைத் தூக்குகிறார்கள். தோட்டா தெறித்து மேசைக்குக் கீழே போகும். இன்னும் சிலர் பிடியை எவ்வளவு பலமாக அழுத்துகிறோமோ அவ்வளவு தோட்டா இறங்கும் என்று நினைக்கிறார்கள். பிடி அலகை நகர்த்துவதற்கு மட்டுமே. தோட்டாவை இறக்குவது நீங்கள் லோடரை மேலிருந்து கீழே தள்ளும் விசை. இதற்கும் மேகசின் மேசையில் நிற்பதே நல்லது. விரல்மூட்டு வலி உள்ளவர்கள் வேறு எதையும் முயன்று பார்க்காமல் இதற்கே வந்துவிடலாம்.

மூன்றாவது வகை, மேகசினிலேயே பக்கவாட்டில் குமிழ் வைத்தது. ரூகர் மார்க் 4 போன்ற .22 பிஸ்டல்களிலும், ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்டு ஈஸி வரிசையிலும் இது உண்டு. குமிழை இழுத்தால் ஃபாலோவர் இறங்கும். ஒரேயடியாக அடிவரை இழுத்துவிட்டு தோட்டாக்களை உள்ளே கொட்டாதீர்கள்; அவை குறுக்கும் நெடுக்குமாக விழும். ஒரு தோட்டாவுக்கு வேண்டிய அளவு மட்டும் இழுங்கள். .22 தோட்டாவுக்கு அடியில் வெளியே நீண்ட விளிம்பு இருப்பதால், மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் கொக்கி போட்டுக்கொண்டு துப்பாக்கியைத் திக்க வைக்கும்.

7. கடைசி இரண்டு

15 போய்விட்டது, 16-உம் 17-உம் போகவில்லை என்றால் நிறுத்துங்கள். நாள் முழுக்கப் போராடி அவற்றை அடைத்து யாரும் ஒன்றும் சாதிக்கப்போவதில்லை. 15 தோட்டாவோடு அந்த மேகசினை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். முந்தையது அடுத்த பகுதியில் சொல்கிறபடி ஓய்வெடுக்கட்டும்.

போகும்போல் இருந்தால், ஒவ்வொன்றுக்கும் முன் மேகசினின் முதுகைத் தட்டி அடுக்கை நேராக்குங்கள். பிறகு மேல் தோட்டாவைக் கட்டைவிரலால் இரண்டு மூன்று முறை அமுக்கி விடுங்கள். கீழே இருப்பவை தங்கள் இடத்தில் ஒழுங்காக உட்காரும், அடுத்ததற்கு இடம் கிடைக்கும்.

17 போனதும் மேல் தோட்டாவை அமுக்கிப் பாருங்கள். சில மில்லிமீட்டர் இறங்கி மீண்டால் மேகசின் நலம். கல்லைப்போல் நின்றால் இரண்டில் ஒன்று: எண்ணிக்கை கூடியிருக்கிறது, அல்லது ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டிவிட்டன. முதலில் எண்ணுங்கள். எண்ணிக்கை சரியென்றால் ஒன்றைக் கழற்றிவிட்டு வையுங்கள்.

8. நிரப்பி வைத்துக் காத்திருத்தல்

போகும் அளவுக்கு நிரப்பிய மேகசினைப் பூட்டிய இடத்தில் இரண்டு மூன்று நாள் வைத்துவிடுங்கள். புது ஸ்பிரிங்கின் முதல் தளர்வு இந்தக் காலத்தில்தான் நடக்கிறது. பிறகு தோட்டாக்களைக் கழற்றி மறுபடி ஏற்றினால் 16-ஆவது பெரும்பாலும் போகும். இன்னொரு சுற்றில் 17-உம் போகும்.

நிரப்பியே வைத்திருந்தால் ஸ்பிரிங் செத்துவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. வடிவமைத்த அளவுக்குள் சுருங்கியே இருப்பது நல்ல ஸ்பிரிங்கைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அதைத் தேய்ப்பவை திரும்பத் திரும்பச் சுருங்கி விரிவதும், அளவுக்கு மீறி அமுக்குவதும்தான். அதனால்தான் ஒரு தோட்டாவை அதிகமாகத் திணிக்காதீர்கள் என்று வற்புறுத்துகிறேன்.

கழற்றும்போது மேகசினைத் துணியின் மேல் சாய்த்துப் பிடித்து, மேல் தோட்டாவின் அடியைக் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளுங்கள். ஒவ்வொன்றாகத்தான். துப்பாக்கியில் செருகி ஸ்லைடை இழுத்து இழுத்துக் காலி செய்வது சோம்பேறித்தனம், ஆபத்தும்கூட. ஒரே தோட்டா பலமுறை சேம்பருக்குள் மோதினால் அதன் குண்டு பித்தளைக் கூட்டுக்குள் பின்வாங்கும். அப்படிப்பட்ட தோட்டாவைச் சுடும்போது அழுத்தம் எகிறும். குண்டு உள்ளே இறங்கியதாகத் தெரிந்தால் அந்தத் தோட்டாவை ஒதுக்கிவிடுங்கள்.

ஏற்றி இறக்கிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தோட்டாவைத் தொட்ட விரலில் ஈயம் இருக்கும். அதோடு சாப்பாட்டையோ குழந்தையையோ தொட வேண்டாம்.

9. துப்பாக்கியில் செருகுதல்

இந்தப் படியை ரேஞ்சில், சுடும் கோட்டில், குழல் இலக்கை நோக்கியிருக்கச் செய்யுங்கள். நிரப்பும் வேலையையே கோட்டில்தான் செய்ய வேண்டும் என்று விதி வைத்திருக்கும் ரேஞ்சுகளும் இருக்கின்றன, நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்கும்போது நிறைந்த மேகசின் எளிதாக ஏறிவிடும். ஸ்லைடு மூடியிருந்தால் கதை வேறு. மூடிய ஸ்லைடின் அடிப்பகுதி மேல் தோட்டாவின் மேல் உட்காருகிறது. மேகசின் தன் கொக்கியில் பூட்ட வேண்டுமென்றால் அந்தத் தோட்டா இன்னும் ஓரிரு மில்லிமீட்டர் இறங்கியாக வேண்டும். ஆரம்பத்தில் சொன்ன இடைவெளி இதற்குத்தான். அது இல்லாவிட்டால் மேகசின் உள்ளே போனதுபோல் காட்சி தரும், பூட்டியிருக்காது. சேம்பரில் ஏற்கெனவே ஒரு தோட்டா இருந்தால், சுடும்போது அது மட்டும் வெடிக்கும்; மேகசின் காலடியில் விழும்; கையில் இருப்பது வெறும் இரும்பு.

ஆகவே மேகசினைச் செருகியதும் உள்ளங்கையின் அடிமேட்டால் உறுதியாக ஒரு தட்டு. பிறகு அடித்தட்டைப் பிடித்துக் கீழே ஓர் இழுப்பு. கையோடு வந்தால் பூட்டவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டையும் செய்யுங்கள், சத்தத்தை நம்பாதீர்கள்.

மூடிய ஸ்லைடில் 17 ஏறாத மேகசினை முதல் சில வாரங்களுக்கு 16 தோட்டாவோடு பயன்படுத்துவதே என் பரிந்துரை. ஒரு தோட்டா குறைவதால் வரும் நஷ்டம், பூட்டாத மேகசினால் வருவதைவிட மிகச் சிறியது. சேம்பரில் ஒன்றும் மேகசினில் முழு எண்ணிக்கையும் வைக்க விரும்புகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். அவர்கள் சந்திப்பது எப்போதும் மூடிய ஸ்லைடைத்தான்.

1911 என்ற பிஸ்டல் வகையில் ஒரு எச்சரிக்கை. ஸ்லைடு திறந்திருக்கும்போது மேகசினை ஓங்கி அறைந்தால், சில துப்பாக்கிகளில், குறிப்பாகச் சிறிய வடிவங்களில், அது அளவுக்கு மேல் ஏறி எஜெக்டரில் (சுட்ட கூட்டை வெளியே தள்ளும் பகுதி) இடிக்கலாம். அங்கே அழுத்தினாலே போதும்.

10. சுட்டுச் சோதித்தல்

ஒவ்வொரு மேகசினையும் முழுதாக நிரப்பிப் பல சுற்றுச் சுடுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதல் இரண்டு மூன்று தோட்டாக்கள்: அப்போது ஸ்பிரிங் மிக அதிகமாக அமுங்கியிருக்கிறது, மேல் தோட்டாவை ஸ்லைடு உருவிக்கொண்டு போகச் சிரமப்பட்டால் இங்கேதான் தெரியும். அடுத்தது கடைசித் தோட்டா: அது வெடித்ததும் ஸ்லைடு பின்னால் பூட்டி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ஃபாலோவர் முழுதாக மேலே வரவில்லை, அல்லது உங்கள் கட்டைவிரல் ஸ்லைடு பூட்டின் மேல் கிடக்கிறது. புதியவர்களிடம் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

தடங்கல் வந்தால் மேகசின் எண்ணையும் எத்தனையாவது தோட்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தற்காப்புக்கு வைத்திருக்கப் போகும் மேகசினை, அதே தற்காப்புத் தோட்டாவோடு முழுதாக நிரப்பித் தடங்கலின்றிச் சுட்ட பிறகே நம்புங்கள்.

11. அப்போதும் நிறையாவிட்டால்

பல முறை ஏற்றி இறக்கி, சில நாள் நிரப்பி வைத்து, அப்படியும் முழு எண்ணிக்கை போகவில்லையென்றால் வரிசையாகச் சோதியுங்கள். உறையில் எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள்: 10-க்கு அடைக்கப்பட்ட மேகசின்கள் வெளியில் 15, 17 தோட்டா வகையைப் போலவே இருக்கும். அதை 17 ஆக்க முயல்வது வீண்வேலை, சில மாநிலங்களில் குற்றமும்கூட. அடுத்து அதே வகையின் இன்னொரு மேகசினோடு ஒப்பிடுங்கள். அதில் 17 போய் இதில் போகாவிட்டால் பிரித்து, ஸ்பிரிங் மாறிப் பூட்டப்பட்டிருக்கிறதா, உட்சுவரில் பிசிறு இருக்கிறதா பாருங்கள். நீளமான அடித்தட்டைத் தனியாக வாங்கிப் பொருத்தியிருந்தால் அதற்குரிய ஸ்பிரிங்கும் கூடவே மாற வேண்டும். பழையதை வைத்துக்கொண்டு புது எண்ணிக்கையை எதிர்பார்க்க முடியாது.

ஸ்பிரிங்கின் சுருள் ஒன்றை வெட்டிவிட்டால் இடம் கிடைக்கும் என்று அறிவுரை சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். கிடைக்கும், உண்மைதான். அதன் பிறகு கடைசி சில தோட்டாக்களைத் தூக்கிவிட ஸ்பிரிங்கில் வலு இருக்காது. உதடுகளை இடுக்கியால் விரிப்பதும் அப்படியே: ஏற்றுவது எளிதாகும், தோட்டா தானாகவே வெளியே குதிக்கும். விளிம்பில் வெடிப்போ வளைவோ தெரிந்தால் அதைச் சரிசெய்ய முயலாமல், பயிற்சிக்குக்கூட வைத்துக்கொள்ளாமல், தயாரித்தவருக்கே திருப்பி அனுப்பி வேறு கேளுங்கள். புது மேகசினுக்கு ரசீது இருக்கும்வரை பெரும்பாலும் மாற்றித் தந்துவிடுவார்கள்.